தேவதாயின் பெயர் கொண்ட ஆறு



அன்னை மரியாவின் பிறப்பு விழாவை இப்போதுதான் கொண்டாடி முடித்திருக்கிறோம். கொடியேற்றம், நவநாள், தேர்பவனி, நடைபயணம் என்று ஊரெங்கும் அன்னையின் பெயரே ஒலித்த நாள்கள் இவை. இதே செப்டம்பர் மாதத்தில்தான் திரு அவை நம்மைப் 'படைப்பின் காலம்' என்னும் சிறப்பு மன்றாட்டுக்கும் அழைக்கிறது. செப்டம்பர் 1ஆம் நாள் தொடங்கி, அசிசி நகர் புனித பிரான்சிஸின் திருநாளாகிய அக்டோபர் 4ஆம் நாள் வரை இது நீடிக்கிறது. அன்னையையும் படைப்பையும் ஒன்றாக நினைக்க வைக்கும் ஓர் ஆற்றைப் பற்றி இன்று சிந்திப்போம்.

அந்த ஆறு தென் அமெரிக்காவில், பெரு நாட்டின் தென்கிழக்கில், அமேசான் காட்டின் நடுவே ஓடுகிறது. அதன் பெயர் மாத்ரே தே தியோஸ். தமிழில் சொன்னால் 'கடவுளின் தாய்', அதாவது நாம் அன்போடு அழைக்கும் தேவதாய். அந்த ஆறு ஓடும் மாநிலத்திற்கும் அதே பெயர்தான். உலகில் மிகுந்த உயிர்வளம் நிறைந்த காடுகளில் ஒன்று அங்கே இருக்கிறது. அந்த ஆற்று மணலில் பொன்துகளும் இருக்கிறது. அன்னையின் பெயர் தாங்கிய அந்த ஆற்றில் இன்று பாதரசம் கலந்து ஓடுகிறது. அதற்குக் காரணம் அந்தப் பொன்தான்.

அது எப்படி நடக்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்வோம். அங்கே தங்கம் பாறையில் கட்டியாகக் கிடைப்பதில்லை. கண்ணுக்கே தெரியாத துகளாக மணலோடு கலந்திருக்கிறது. காட்டை வெட்டி, மண்ணை நீரால் கரைத்து, சேற்றை மோட்டார் பம்புகளால் உறிஞ்சி, கம்பளம் விரித்த சரிவான பலகையின் மேல் ஓடவிடுகிறார்கள். கனமான மணல் கம்பளத்தில் தங்கிவிடும். அந்த மணலைத் தொட்டியில் போட்டு, பாதரசத்தை ஊற்றிப் பிசைகிறார்கள். சிலர் வெறுங்காலால் மிதிக்கிறார்கள். பாதரசம் பொன்துகளை மட்டும் தன்னோடு சேர்த்துக்கொள்ளும். அதைத் துணியில் வைத்துப் பிழிந்தால் வெள்ளிநிறத்தில் ஓர் உருண்டை கிடைக்கும். அந்த உருண்டையைத் தீயில் காட்டினால் பாதரசம் ஆவியாகிப் போய்விடும், மஞ்சள் நிறத்தில் பொன் மிஞ்சும்.

'போய்விடும்' என்று சொல்கிறோம். ஆனால் பாதரசம் எங்கும் போய்விடுவதில்லை. தீ மூட்டியவரின் நுரையீரலுக்குள் கொஞ்சம் போகிறது. காற்றில் கலந்து காட்டின் இலைகளிலும் மண்ணிலும் கொஞ்சம் படிகிறது. காற்றில் பல மாதங்கள் தங்கி நாடு கடந்தும் பயணம் செய்கிறது. தொட்டியில் மிஞ்சியது ஆற்றில் கொட்டப்படுகிறது. நீருக்கடியில் உள்ள சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் அதை மெத்தில் பாதரசம் என்னும் இன்னும் கொடிய நஞ்சாக மாற்றுகின்றன. அந்த நஞ்சு பாசியிலிருந்து புழுவுக்கும், புழுவிலிருந்து சிறு மீனுக்கும், சிறு மீனிலிருந்து பெரிய மீனுக்கும் ஏறிக்கொண்டே போகிறது. ஒவ்வொரு படியிலும் அதன் செறிவு கூடுகிறது. கடைசிப் படியில் நிற்பவர், மாலையில் மீன் குழம்பு வைத்துத் தன் பிள்ளைகளுக்குப் பரிமாறும் ஒரு தாய்.

அந்த மாநிலத்தின் தலைநகரான புவெர்தோ மால்டொனாடோவில் நடந்த ஆய்வின் முடிவு 2013இல் வெளியானது. சோதிக்கப்பட்ட பெரியவர்களில் 78 விழுக்காட்டினரின் உடலில் பாதரசம் பன்னாட்டு அளவுகோலைத் தாண்டியிருந்தது. சந்தையில் விற்ற 15 வகை மீன்களில் 9 வகைகளில் வரம்புக்கு மீறிய பாதரசம் இருந்தது. ஆற்று மீனையே நம்பி வாழும் பழங்குடி மக்களிடம் இந்த அளவு மற்றவர்களைவிட அதிகம். 2016ஆம் ஆண்டு மே மாதத்தில் பெரு அரசு, பாதரச நஞ்சின் காரணமாக அங்கே 60 நாள் நெருக்கடி நிலையை அறிவிக்க வேண்டியதாயிற்று.

அன்பானவர்களே, இந்த நஞ்சு மிக அதிகமாகத் தாக்குவது யாரைத் தெரியுமா? இன்னும் பிறக்காத குழந்தையை. தாயையும் சேயையும் இணைக்கும் கொடியை நம் முன்னோர் 'நஞ்சுக்கொடி' என்றார்கள். உணவையும் உயிர்க்காற்றையும் கொண்டுசெல்ல இறைவன் அமைத்த வழி அது. மெத்தில் பாதரசம் அந்த வழியாகவே குழந்தையிடம் போய்ச் சேருகிறது. வளர்ந்துவரும் மூளையைத் தாக்குகிறது. தாய் நலமாக இருப்பதுபோலத் தோன்றும்போதே குழந்தையின் பேச்சும் நடையும் கற்கும் ஆற்றலும் பாதிக்கப்படலாம். இதை உலகம் ஜப்பானின் மினமாட்டா என்னும் கடலோர ஊரில் கற்றுக்கொண்டது. அங்கே ஒரு தொழிற்சாலை பாதரசக் கழிவைக் கடலில் விட்டது. மீன் உண்ட மக்கள் கைகால் நடுங்கி விழுந்தார்கள், அவர்களுக்கு முன்பே பூனைகள் துடித்துச் செத்தன. 1956இல் அந்த நோய் அதிகாரப்பூர்வமாகக் கண்டறியப்பட்டது. அந்த ஊரின் பெயராலேயே 2013இல் பாதரசத்துக்கு எதிரான பன்னாட்டு உடன்படிக்கை உருவானது. 2017 ஆகஸ்ட் முதல் அது நடைமுறையில் இருக்கிறது. பெருவும் இந்தியாவும் அதை ஏற்றுக்கொண்ட நாடுகள்.

நம் வீடுகளில் குழந்தையை எப்படிக் கொஞ்சுகிறோம்? 'என் தங்கமே', 'என் பொன்னே' என்கிறோம். உலகத்தில் உள்ள அத்தனை பொன்னையும்விட நீயே எனக்கு மேலானவன், மேலானவள் என்பதுதானே அந்தச் சொல்லின் பொருள்? ஆனால் தேவதாயின் பெயர் கொண்ட அந்த ஆற்றங்கரையில் இது தலைகீழாக நிற்கிறது. அங்கே பொன்னுக்காகக் குழந்தை விலையாகக் கொடுக்கப்படுகிறது.

விடுதலைப் பயண நூலின் 32ஆம் அதிகாரத்தை நாம் அனைவரும் அறிவோம். மோசே மலைமேல் இருக்கிறார். கீழே மக்கள் பொறுமை இழக்கிறார்கள். ஆரோன் அவர்களுடைய மனைவியர், புதல்வர், புதல்வியர் காதுகளில் இருந்த பொன்வளையங்களைக் கழற்றிக் கொண்டுவரச் சொல்கிறார். கன்றுக்குட்டி உருவாகிறது. ஆடலும் பாடலும் நடக்கின்றன. இதுவரை மறைக்கல்வி வகுப்பில் பலமுறை கேட்டிருக்கிறோம். அடுத்து நடப்பதைத்தான் பெரும்பாலும் கவனிக்காமல் கடந்துவிடுகிறோம். மோசே இறங்கிவந்து அந்தக் கன்றுக்குட்டியை நெருப்பில் சுட்டெரிக்கிறார். அதைப் பொடியாக்குகிறார். அந்தப் பொடியைத் தண்ணீரில் தூவி, அந்தத் தண்ணீரை இஸ்ரயேல் மக்களையே குடிக்க வைக்கிறார்.

நெருப்பு, பொன்துகள், தண்ணீர் ஆகிய மூன்றும் இன்று அமேசான் ஆற்றங்கரையிலும் இருக்கின்றன. ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. மோசேயின் காலத்தில், பொன்னை வணங்கியவர்களே அந்தத் தண்ணீரைக் குடித்தார்கள். தவறு செய்தவரே அதன் கசப்பைச் சுவைத்தார். இன்றோ பொன்னை அணிகிறவர் ஒருவர், பொன்னை அடுக்கி வைக்கிறவர் இன்னொருவர், தண்ணீரைக் குடிக்கிறவர் வேறொருவர். ஒரு குன்றிமணி தங்கம்கூடத் தன் வாழ்நாளில் அணியாத பழங்குடித் தாயும் அவள் வயிற்றுப் பிள்ளையும் அந்தக் கோப்பையைக் குடிக்கிறார்கள். இதைத்தான் நாம் அநீதி என்கிறோம்.

இந்த இடத்தில் நாம் அவசரப்பட்டு அந்தச் சுரங்கத் தொழிலாளியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடக் கூடாது. அவர் யார்? கூஸ்கோ, பூனோ போன்ற மலைப்பகுதிகளிலிருந்து பிழைப்புத் தேடி இறங்கி வந்த ஏழை உழவர் அவர். ஊரில் கடன் இருக்கும், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருப்பார்கள். 2008ஐ ஒட்டி உலகச் சந்தையில் தங்கத்தின் விலை ஏற ஏற, அந்தக் காட்டுக்குள் போனவர்களின் எண்ணிக்கையும் ஏறியது. பெருங்கடல்களை இணைக்கும் நெடுஞ்சாலை வந்தபோது வழியும் எளிதாயிற்று. ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் மதிப்பீட்டின்படி உலகில் ஏறத்தாழ 1 கோடி முதல் 2 கோடிப் பேர் இப்படிச் சிறு அளவில் தங்கம் எடுத்துப் பிழைக்கிறார்கள். அவர்களில் பெண்களும் சிறுவர்களும் பல லட்சம். மனிதர் காற்றில் கலக்கும் பாதரசத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இந்தத் தொழிலிலிருந்தே வருகிறது. வேறெந்தத் தொழிலும் இவ்வளவு பாதரசத்தைக் காற்றில் விடுவதில்லை. அந்தப் புகையை முதலில் சுவாசிப்பவரும் அந்தத் தொழிலாளிதான்.

2019ஆம் ஆண்டு பிப்ரவரியில் பெரு அரசு காவல்துறையையும் இராணுவத்தையும் அனுப்பி, லா பம்பா என்னும் இடத்திலிருந்து ஆயிரக்கணக்கானோரை வெளியேற்றியது. அந்த இடத்தில் சுரங்கம் வெகுவாகக் குறைந்தது. ஆனால் பலர் வேறு ஆற்றங்கரைகளுக்கு நகர்ந்தார்கள். பசித்த வயிற்றுக்கு மாற்று வழி காட்டாமல் விரட்டினால், நோய் இடம் மாறுமே தவிரக் குணமாகாது.

இங்கே இறைவாக்கினர் எலிசா நமக்கு வழி காட்டுகிறார். 2 அரசர்கள் நூலின் 2ஆம் அதிகாரத்தில் எரிகோ நகர மக்கள் அவரிடம் வருகிறார்கள். ஊர் நல்ல ஊர்தான், ஆனால் தண்ணீர் கெட்டுவிட்டது, அதனால் சாவும் கருச்சிதைவும் நேரிடுகின்றன என்று முறையிடுகிறார்கள். எலிசா ஒரு புதிய கிண்ணத்தில் உப்புக் கேட்டு வாங்குகிறார். அதை எங்கே கொண்டுபோய்ப் போடுகிறார்? வீடு வீடாகப் போய்க் குடங்களில் போடவில்லை. தண்ணீர் புறப்படும் ஊற்றுக்கே போகிறார். ஊற்று நலமானபோது ஊர் முழுவதும் நலமானது.

மாத்ரே தே தியோஸ் ஆற்றின் நஞ்சுக்கு ஊற்று எங்கே இருக்கிறது? ஆற்றங்கரையில் மட்டும் இல்லை. தங்கம் வாங்குகிறவர்களின் ஆசையிலும் இருக்கிறது. 2015இல் வெளியான 'இறைவா, உமக்கே புகழ்' என்னும் திருமடலின் 51ஆம் பத்தியில், மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் தங்கச் சுரங்கங்களின் பாதரச மாசைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறார். செல்வ நாடுகளின் சந்தைகளுக்கு மூலப்பொருள்களை அனுப்புவதால் ஏழை நாடுகள் அடையும் காயங்களில் ஒன்றாக அதைச் சொல்கிறார். சொன்னதோடு நிற்காமல், 2018 ஜனவரி 19ஆம் நாள் புவெர்தோ மால்டொனாடோவுக்கே சென்று, அமேசான் பழங்குடி மக்களைச் சந்தித்தார். ஆதரவற்ற பிள்ளைகளின் இல்லம் ஒன்றிலும் நேரம் செலவிட்டார். அந்த மாநிலத்தின் பெயரைச் சுட்டிக்காட்டி, இது அநாதை நிலமல்ல, தாயுள்ள நிலம் என்று அம்மக்களைத் தேற்றினார். இன்றைய திருத்தந்தை பதினான்காம் லியோவும் அதே பெரு நாட்டில் பல ஆண்டுகள் பணியாற்றி, சிக்லாயோ மறைமாவட்டத்தின் ஆயராக இருந்தவர். ஆகவே இது திரு அவைக்குத் தொலைவில் உள்ள செய்தி அல்ல.

நமக்கும் இது தொலைவில் உள்ள செய்தி அல்ல. உலகில் மிக அதிகமாகத் தங்கம் வாங்கும் நாடுகளில் நம் நாடு ஒன்று. பெருவின் தங்கம் போய்ச் சேரும் நாடுகளிலும் இந்தியா ஒன்று. பல கைகள் மாறி, பல உலைகளில் உருகி, ஒன்றோடொன்று கலந்து வருவதால், நம் கையில் இருக்கும் வளையல் எந்த ஆற்றில் பிறந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. ஹால்மார்க் முத்திரை தங்கத்தின் தூய்மையைச் சொல்லும். அது வந்த வழியின் தூய்மையைச் சொல்லாது. பாதரசமும் நமக்குப் புதிதல்ல. கொடைக்கானல் மலையில் வெப்பமானி செய்த ஒரு தொழிற்சாலையின் பாதரசக் கழிவால் எழுந்த கவலையும், அங்கே வேலை செய்தவர்களின் நீண்ட போராட்டமும் நமக்குத் தெரியும். 2001இல் அந்தத் தொழிற்சாலை மூடப்பட்டது.

அப்படியானால் தங்கமே பாவமா என்று கேட்கலாம். இல்லை. தொடக்க நூலின் 2ஆம் அதிகாரம் ஏதேனிலிருந்து பிரிந்து ஓடிய ஆறுகளைச் சொல்லும்போதே, அவற்றில் ஒன்று ஓடிய நாட்டில் நல்ல பொன் இருந்தது என்கிறது. கடவுள் படைத்த பொன் நல்லது. ஞானியர் அதைக் குழந்தை இயேசுவின் காலடியில் வைத்தார்கள். நம் ஊர்ப் பெண்களுக்குத் தங்கம் என்ன என்பதும் நமக்குத் தெரியும். மருத்துவமனையில் முன்பணம் கட்ட வேண்டிய இரவில், பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டிய காலையில், அடகுக் கடைக்குப் போகும் அந்த இரண்டு பவுன் சங்கிலிதான் ஓர் ஏழைக் குடும்பத்தின் வங்கி. அதை யாரும் பழிக்க முடியாது.

நாம் கேட்க வேண்டிய கேள்வி, தேவைக்கு மேல் போகும் பொன்னைப் பற்றியது. திருமண ஓலை எழுத வரும் குடும்பங்களோடு பேசும்போது, அருள்பணியாளர்களாகிய நாங்கள் அடிக்கடி ஒன்றைக் காண்கிறோம். பெண்ணின் தந்தை முகத்தில் மகிழ்ச்சியைவிடக் கணக்கே மிகுதியாக இருக்கிறது. 'ஐம்பது போடுகிறோம் என்று சொல்லிவிட்டோம், சாமி' என்பார். சொன்னது அவரல்ல, சொல்ல வைத்தது ஊர். அந்த ஐம்பது பவுன் என்பது 400 கிராம். பாதரசம் கொண்டு எடுக்கும் இடங்களில், ஒரு கிராம் பொன்னுக்கு ஒரு கிராமுக்குக் குறையாத பாதரசம் செலவாவது வழக்கம். நாம் கேட்கும் தங்கத்தால் இங்கே ஒரு தந்தை கடனில் மூழ்குகிறார், அங்கே ஓர் ஆறு நஞ்சில் மூழ்குகிறது. இரண்டுக்கும் ஊற்று ஒன்றுதான். அந்த ஊற்றில் உப்புப் போட வேண்டியவர்கள் நாம்.

எப்படிப் போடலாம்? முதலாவது, மணமகன் வீட்டார் இவ்வளவு பவுன் வேண்டும் என்று கேட்பதை நம் பங்குகளில் நிறுத்துவோம். அன்பியக் கூட்டங்களில் இதை வெளிப்படையாகப் பேசுவோம். பீடத்தின் முன் நாங்கள் மந்திரிக்கும் தாலிக்கு ஒரு துளிப் பொன் போதும். மணமக்கள் ஒருவருக்கொருவர் கொடுக்கும் வாக்குறுதிதான் திருவருட்சாதனம், நகை அல்ல.

இரண்டாவது, தேவை என்றால் வீட்டில் இருக்கும் பழைய நகையை உருக்கிப் புதிதாகச் செய்துகொள்வோம். பாட்டியின் காப்பு பேத்தியின் வளையலாவது நமக்குப் பழக்கமான வழிதான். அப்படிச் செய்த வளையலுக்காக எந்த ஆற்றிலும் புதிதாகப் பாதரசம் ஊற்ற வேண்டியதில்லை.

மூன்றாவது, கடையில் கேட்போம். செய்கூலி எவ்வளவு, சேதாரம் எவ்வளவு என்று கேட்கும் நாம், இந்தத் தங்கம் எங்கிருந்து வருகிறது என்றும் கேட்போம். விற்பனையாளருக்குப் பதில் தெரியாமல் இருக்கலாம். ஆனால் பலர் கேட்டால் பதில் தேட வேண்டிய கட்டாயம் வரும். பாதரசம் இல்லாமலும் தங்கம் எடுக்க முடியும். பிலிப்பைன்ஸ் நாட்டு மலைகளில் சிறு சுரங்கத்தார் வெங்காரத்தைப் பயன்படுத்திப் பொன்னைப் பிரிக்கிறார்கள். பாதரசத்தைத் தவிர்க்க முடியாத இடத்தில், ஆவியை வெளியே விடாமல் பிடித்துத் திரும்பத் தரும் மூடிய கலங்களும் உண்டு. இவை ஏழைத் தொழிலாளியைச் சென்று சேர வேண்டும் என்றால், வாங்குகிறவர்கள் அதை விரும்ப வேண்டும்.

நான்காவது, அன்னைக்கு நேர்ச்சை செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நன்றியோடு கொடுக்கும் எதையும் அன்னை தள்ளுவதில்லை. ஆனால் தன் மகனின் பிறப்பின்போது தீவனத்தொட்டிதான் கிடைத்தது என்று அந்தத் தாய் முறையிட்டதில்லை. பொன் வைக்கும் இடத்தில் பூ வைப்பது என்று நம் வழக்கில் சொல்வார்கள். இல்லாதவர்களின் ஆறுதலுக்காகச் சொன்னது அது. இனி இருப்பவர்களும் அதை விருப்பத்தோடு செய்யலாம். அன்னைக்குப் பூவை வைத்துவிட்டு, பொன்னுக்கான பணத்தில் ஓர் ஏழைப் பிள்ளையின் மருத்துவத்திற்கோ படிப்பிற்கோ உதவலாம். அந்தப் பிள்ளைதான் அன்னையின் கண்ணில் தங்கம்.

வீட்டில் செய்யக்கூடிய ஒரு சிறு செயலும் உண்டு. பழைய கண்ணாடி வெப்பமானி உடைந்தால், அந்தப் பாதரசத்தைப் பிள்ளைகள் உள்ளங்கையில் உருட்டி விளையாட விடாதீர்கள், துடைப்பத்தாலும் பெருக்காதீர்கள். சன்னல்களைத் திறந்துவைத்து, கையில் படாமல் தடித்த காகிதத்தால் சேர்த்து, மூடியுள்ள புட்டியில் அடைத்து வையுங்கள். மீனைக் கண்டு யாரும் அஞ்சவும் வேண்டாம். மத்தி, நெத்திலி போன்ற சிறு மீன்களில் பாதரசம் மிகக் குறைவு. கருவுற்றிருக்கும் பெண்கள் பெரிய சுறா போன்ற வேட்டை மீன்களைத் தவிர்ப்பது நல்லது.

சகோதர சகோதரிகளே, எலிசா கேட்டது ஒரு கிண்ணம் உப்புதான். எரிகோவின் ஊற்றுக்கு அது மிகச் சிறிது. ஆனால் ஆண்டவர் அந்தச் சிறிதைக் கொண்டே தண்ணீரை நலமாக்கினார். நம் வீட்டில் குறையும் ஐந்து பவுனும் பத்துப் பவுனும் அமேசானைக் காப்பாற்றுமா என்று நாம் தயங்க வேண்டாம். உப்பைக் கொண்டுவருவது நம் பணி. தண்ணீரை நலமாக்குவது அவர் பணி. நாம் உலகிற்கு உப்பாய் இருக்கிறோம் என்று ஆண்டவர் மலைமேல் சொன்னதும் இதைத்தான்.

மன்றாடுவோம். ஆறுகளையும் கடல்களையும் படைத்த இறைவா, உம் தாயின் பெயர் கொண்ட அந்த ஆற்றையும், அதன் கரையில் வாழும் தாய்மாரையும், அவர்கள் கருவில் வளரும் குழந்தைகளையும் உம் கரங்களில் ஒப்புக்கொடுக்கிறோம். பிழைப்புக்காக நஞ்சைக் கையில் எடுக்கும் எங்கள் ஏழைச் சகோதரர்களுக்கு நலமான வேலையைத் தந்தருளும். எங்கள் ஆசைகளுக்கு வேறொருவர் விலை கொடுக்காதபடி எங்கள் உள்ளத்தின் ஊற்றை நலமாக்கும். பொன்னைவிட மேலான உம் பிள்ளைகளை எங்கள் கண்ணுக்குக் காட்டும். எங்கள் ஆண்டவராகிய இயேசு கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.